வில்ட்ஷயரின் ஹாரிஸ் பேக்கன் நிறுவனம் வளர்ந்ததும் மூடப்பட்டதும் எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது. வேலை காரணமாக இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், சிப்பன்ஹமில் தங்கியிருக்கிறீர்கள். பக்கத்து ஊரான கானுக்குப் போனபோது கடைத்தெரு நடுவில் வெண்கலப் பன்றிகளைப் பார்த்துவிட்டு, ஏன் இங்கே பன்றிக்குச் சிலை என்று விசாரித்திருக்கிறீர்கள். ஹாரிஸ் என்று ஒரு கறிக்கடைக் குடும்பம் இருநூறு வருடம் இந்த ஊருக்கே சோறு போட்டது, கடைசியில் பேரப்பிள்ளைகளுக்குத் துப்பில்லாமல் எல்லாம் போய்விட்டது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்பது உங்கள் கேள்வி. கூடவே, திருநெல்வேலிப் பக்கம் உங்கள் வீட்டிலும் மூன்று தலைமுறையாகக் கறிக்கடை நடக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். ஒரு கறிக்கடை எதனால் கம்பெனி ஆகிறது, அந்தக் கம்பெனி எதனால் விழுகிறது, தப்பு ஆள் மேலா காலத்தின் மேலா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேரப்பிள்ளைகள் கெடுத்தார்கள் என்ற கதை தவறு. தொழிற்சாலை மூடப்பட்டது 1982-ல். அதற்கு வெகுகாலம் முன்பே நிறுவனம் அந்தக் குடும்பத்தின் கையைவிட்டுப் போய்விட்டது. வளர்ந்ததற்கும் விழுந்ததற்கும் பொதுவாக ஒரு காரணம் உண்டென்றால், அது குளிர். யாரிடமும் குளிர் இல்லாத காலத்தில் இவர்களிடம் இருந்தது. எல்லோருக்கும் குளிர் கிடைத்த பிறகு இவர்களுக்கென்று தனியாக எதுவும் மிஞ்சவில்லை. நான் வரலாறு படித்தவன் இல்லை. கால்நடை மருத்துவம் படித்து, அதற்கு மேல் இறைச்சித் தொழில்நுட்பம் படித்து, பதினாறு வருடம் பேக்கன் (உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய பன்றிக்கறி), ஹாம் (அப்படியே பதப்படுத்திய பன்றித்தொடை) தயாரிக்கும் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தவன். அதனால் உப்பு, குளிர், இறைச்சி பற்றிச் சொல்வதை அனுபவத்தில் சொல்கிறேன். குடும்பக் கதையில் எது உறுதி, எது ஊரார் சொல்லிச் சொல்லி வளர்ந்தது என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

ஊர்ப் பெயரை Calne என்ற எழுத்தைப் பார்த்து வாசித்தால் 'கால்னே' என்று வரும். ஊர்க்காரர்கள் 'கான்' என்றுதான் சொல்வார்கள். லண்டனிலிருந்து பிரிஸ்டல் துறைமுகத்துக்குப் போகும் பழைய பெருவழியில் இருக்கிற ஊர். கம்பளித் துணி நெய்து பிழைத்த ஊர், அந்தத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நசிந்துபோனது. இங்கே 1770 வாக்கில் சாரா ஹாரிஸ் என்ற விதவை, டிவைஸஸ் என்ற பக்கத்து ஊரிலிருந்து மகன் ஜானை அழைத்துக்கொண்டு வந்து ஒரு சின்னக் கறிக்கடை போட்டார். இருநூறு வருடக் கதைக்கும் அதுதான் பிள்ளையார் சுழி. பின்னால் அவர் பேரன்கள் காலத்தில் கடை இரண்டானது. ஒன்று சர்ச் தெருவில், இன்னொன்று ஹை தெருவில். ஒரே குடும்பம், இரண்டு கடை, இரண்டு கணக்கு. நம் ஊரில் அண்ணன் கடை, தம்பி கடை என்று எதிரெதிரே நடப்பது போலத்தான்.

சரி, அந்த ஊரில் போய் ஏன் பன்றித் தொழில்? காரணம் அந்தச் சாலைதான். அயர்லாந்தில் வளர்ந்த பன்றிகளைக் கப்பலில் ஏற்றி பிரிஸ்டலில் இறக்குவார்கள். அங்கிருந்து லண்டன் சந்தைக்கு நூறு மைலுக்கு மேல், எல்லாம் நடை. மாடு நடந்தாலும் தாங்கும், பன்றி தாங்காது. வெயிலில் துவண்டுவிடும், நடக்க நடக்க எடை குறையும். கறிக்கடைக்காரர்களுக்கு எடை என்றால் காசு என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வழியில் கான் ஊரில் மந்தைகள் இளைப்பாறும். இதற்கு மேல் நடக்காது என்று தோன்றுகிற பன்றிகளை ஓட்டிவந்தவர் அங்கேயே விற்றுவிடுவார். ஹாரிஸ் குடும்பத்துக்குப் பன்றி தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லாமல், சரக்கு வாசலுக்கே நடந்து வந்தது. இந்தப் பகுதியில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெருவழியும் ஐரிஷ் பன்றி வியாபாரமும் பலரும் எழுதிவைத்த விஷயங்கள்.

ஆனால் ஒரு தடை இருந்தது. அந்தக் காலத்தில் பேக்கன் போடுவது குளிர்கால வேலை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது. நம் ஊர் உப்புக்கண்டத்துக்குக் கறியை மெல்லிய துண்டாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் கட்டிவிடுகிறோம். துண்டு சின்னது, வெயில் கடுமையானது, ஈரம் சட்டென்று போய்விடும். இங்கிலாந்தில் அந்த வெயில் கிடையாது. அவர்கள் பன்றியை முதுகெலும்பு வழியே இரண்டாகப் பிளந்து, இருபத்தைந்து முப்பது கிலோ எடையுள்ள அந்தப் பாதியை அப்படியே உப்பில் ஊறப்போட்டார்கள். உப்பு மேலிருந்து உள்ளே மெதுவாகத்தான் இறங்கும். தொடையின் நடுவே, இடுப்பு மூட்டைத் தொட பல நாள் ஆகும். உயிர்ச்சூடு கடைசியாகத் தணிவதும் அதே இடத்தில்தான். வெளியே குளிராக இருந்தால் உப்பு போய்ச் சேரும்வரை உள்ளே கறி பொறுத்திருக்கும். வெயில் காலமாக இருந்தால் மூட்டைச் சுற்றி அழுகல் தொடங்கிவிடும். மேலே பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும், வெட்டினால்தான் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பெரியவர் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். குளிர் அறையில் வரிசையாகத் தொங்கும் தொடைகள் முன்னால் நிற்பார். கையில் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய எஃகு ஊசி, கைப்பிடி மரத்தில். மூட்டு இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து, எலும்பை ஒட்டி ஊசியை இறக்கி, ஒரு திருகு திருகி வெளியே எடுத்து மூக்கின் கீழே பிடிப்பார். அரை வினாடிதான். நல்ல தொடை என்றால் கடலை ஒட்டிய காற்று மாதிரி ஒரு இனிப்பு வாடை வரும். கெட்டுப்போனது என்றால் வடிகால் திறந்தது போல இருக்கும், அதை ஒருமுறை முகர்ந்தவன் மறக்க மாட்டான். ஊசி போன துளையைக் கட்டைவிரலால் கொழுப்பைத் தேய்த்து அடைத்துவிட்டு அடுத்த தொடைக்குப் போவார். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கும் மேல் பார்ப்பார். ஆய்வகத்தில் எவ்வளவோ கருவி வந்துவிட்டது, ஆனாலும் அந்த ஊசியை நான் வேலையைவிட்டு வரும்வரை கீழே வைக்கவில்லை. ஹாரிஸ் குடும்பத்தின் முதல் மூன்று தலைமுறையும் இந்த அழுகலுக்குப் பயந்துதான் வெயில் காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். போட்டால் உப்பை மிக அதிகமாகப் போட வேண்டும், அப்படிப் போட்டால் சமைக்கும் முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைக்காமல் வாயில் வைக்க முடியாது.

1840-கள் இவர்களுக்கு இரண்டு பேரடி கொடுத்தன. 1841-ல் லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் ரயில் பாதை முழுமையாகத் திறந்தது. அது நீங்கள் இருக்கிற சிப்பன்ஹம் வழியாகப் போனது, கான் வழியாகப் போகவில்லை. பன்றிகள் ரயில் ஏறத் தொடங்கின, வாசலுக்கு நடந்துவந்த சரக்கு நின்றது. அடுத்து 1845-லிருந்து அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகல் நோய். ஐரிஷ் குடியானவர்கள் பன்றிக்குப் போட்டு வளர்த்ததே உருளைக்கிழங்குதான். மனிதருக்கே கிழங்கு இல்லாதபோது பன்றிக்கு எது? லட்சக்கணக்கான மக்கள் செத்த பஞ்சம் அது. அதை ஒரு கம்பெனியின் நஷ்டக் கணக்காக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் கானில் இருந்த கறிக்கடைகளுக்கு அந்தப் பஞ்சம் சரக்கு வற்றிப்போன வருடங்களாக வந்து சேர்ந்தது. ஊர் இருந்த இடம் கொடுத்த வசதி அத்தனையும் ஏழெட்டு வருடத்துக்குள் போயிற்று.

அப்போதுதான் 1847-ல் குடும்பத்தின் இளையவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிஸ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே பன்றி மலிவு, அங்கேயே பேக்கன் போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்பது திட்டம். அந்த வியாபாரம் சரிப்பட்டு வரவில்லை. ஆனால் போன இடத்தில், ஏரியில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, கட்டடத்தில் அடுக்கி, கோடையிலும் இறைச்சியைக் கெடாமல் வைத்திருப்பதைப் பார்த்தார். திரும்பி வரும்போது கொண்டுவந்த ஒரே உருப்படியான சரக்கு அந்த யோசனைதான். நம்மவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிற 'ஐஸ் ஹவுஸ்' 1842-ல் அமெரிக்க ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டதுதான். மாசசூசெட்ஸில் அறுத்த பனிக்கட்டி மரத்தூள் பொதிந்து கப்பலில் மதராஸ் வரை வந்திருக்கிறது. மதராஸில் துரைமார் குடிக்கும் பானத்தில் போடுவதற்கு வந்த அதே பொருளைப் பன்றிக்கறியில் பயன்படுத்தலாம் என்று ஒரு கறிக்கடைக்காரப் பையனுக்குத் தோன்றியது.

தோன்றியவுடன் நடந்துவிடவில்லை. ஊர் திரும்பியதற்கும் முதல் பனிக்கட்டி அறை எழும்பியதற்கும் நடுவே ஏழெட்டு வருடம் இருக்கிறது. ஹை தெருக் கடையில் அது கட்டப்பட்டது 1856-ல். இங்கே ஒரு திருத்தம். 'இங்கிலாந்தின் முதல் ஐஸ் ஹவுஸ்' என்று சிலர் எழுதுவார்கள், அது சரியில்லை. பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களில் பனிக்கட்டிக் குழிகள் அதற்கு இருநூறு வருடம் முன்பே உண்டு. பேக்கன் போடுவதற்கென்று கட்டிய முதல் பனிக்கட்டி அறை என்று சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். அமைப்பு எளிமையானது. மேல் தளத்தில் இரும்புத் தட்டுகளின் மேல் பனிக்கட்டி. கீழ் அறையில் உப்புப் போட்ட கறி. சூடு உள்ளே வராமல் இருக்க இரட்டைச் சுவர், நடுவே மரக்கரி. குளிர்ந்த காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கும். விசிறியோ இயந்திரமோ தேவையில்லை. குளத்தில் உறையும் பனிக்கட்டி போதாத வருடங்களில் நார்வேயிலிருந்து வரவழைத்தார்கள். சோதித்துத் திருத்தி 1864-ல் காப்புரிமை வாங்கினார்கள்.

இதனால் இரண்டு மாற்றங்கள் வந்தன. வருடம் பன்னிரண்டு மாதமும் வேலை நடந்தது என்பது ஒன்று. அறுப்புக்கூடத்தில் ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம், விவசாயியிடம் எந்த மாதமும் பன்றி வாங்கலாம், லண்டன் மளிகைக்கடைக்கு ஜூலையிலும் சரக்கு தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கலாம். கறிக்கடை கம்பெனியாக மாறிய இடம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். இரண்டாவது மாற்றம் ருசியில். குளிர் பாதி வேலையைச் செய்வதால் உப்பைக் குறைக்க முடிந்தது. மிதமான உப்பில் ஊறிய வில்ட்ஷயர் பேக்கனை ஊறவைக்காமல் நேரே வாணலியில் போடலாம். இங்கிலீஷ்காரர்கள் காலை உணவில் இன்றைக்கும் சாப்பிடுவது பெரும்பாலும் அந்த ருசியைத்தான்.

'வில்ட்ஷயர் முறையை ஹாரிஸ் குடும்பம்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டுபிடித்தது' என்று பாக்கெட் உறைகளில்கூடப் போடுகிறார்கள். அதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். பன்றிப் பாதியைத் தோலோடு, முடியைச் சுட்டுப் பொசுக்கி, உப்பில் போடுவது அந்த வட்டாரம் முழுக்க இருந்த பழக்கம். ஆரம்பத்தில் அது உலர் உப்பு, கையால் தேய்ப்பது. இன்று வில்ட்ஷயர் முறை என்று நாங்கள் பாடத்தில் படித்தது வேறு. உப்புநீரை ஊசியால் கறிக்குள் செலுத்தி, பாதிகளைத் தொட்டியில் அடுக்கி, நாலைந்து நாள் உப்புநீரில் மூழ்கவைத்து, எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் குளிரில் ஒன்றிரண்டு வாரம் பழுக்கவிடுவது. இது பெரிய தொட்டியும் நிலையான குளிரும் வந்த பிறகுதான் சாத்தியம். சாரா ஹாரிஸின் கடையில் அது நடந்திருக்க வழியில்லை. ஹாரிஸ் குடும்பம் அந்த முறையை வளர்த்தெடுத்து நாடறியச் செய்தது என்று சொன்னால் தகும்.

அந்த உப்புநீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. எடையில் ஏறக்குறைய கால் பங்கு உப்பு, கொஞ்சம் வெடியுப்பு. அதை ஒரு தரம் பயன்படுத்திக் கொட்டிவிடுவதில்லை. வடிகட்டி, உப்பைச் சரிக்கட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். நம் வீட்டில் இட்லி மாவுக்குப் பழைய மாவைக் கொஞ்சம் விட்டுவைப்பது போல, தொட்டிக்குத் தொட்டி தொடர்ச்சி உண்டு. நான் பார்த்த தொட்டியில் அது கஷாய நிறத்தில், தெளிவாக, மேலே லேசான நுரையோடு இருக்கும். அவ்வளவு உப்பிலும் உயிரோடு இருக்கிற நுண்ணுயிரிகள் வெடியுப்பில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அதிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு கறியின் சிவப்பு நிறமியோடு சேர்ந்து, வேகவைத்தாலும் மாறாத இளஞ்சிவப்பைத் தரும். இந்த ரசாயனத்தை ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1901-ல்தான் விளக்கினார். அதற்கு முன் நூற்றாண்டுகளாகக் காரணம் தெரியாமலே செய்து வந்தார்கள். அந்த வெடியுப்புக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு வெடியுப்பில் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பீகாரிலிருந்து போனது. துப்பாக்கி மருந்துக்குப் போனதுதான் அதிகம், ஆனால் கறிக்கடை உப்பிலும் அதே பீகார் வெடியுப்பு கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி. அந்த வாயுவில் வைத்த இறைச்சி கெடாமல் இருப்பதையும் அவர் கவனித்து எழுதியிருக்கிறார். 1773-லிருந்து சில வருடம் அவர் குடியிருந்தது இதே கான் ஊரில். சாரா ஹாரிஸ் கடை வைத்த அதே காலம். பேக்கனைச் சிவக்கவைக்கும் வாயுவை அறிந்த மனிதரும், பின்னால் பேக்கனுக்கே பேர்போன குடும்பமும் ஒரே ஊரில். அவர் அந்தக் கடையில் கறி வாங்கினாரா என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது, நான் ஆசைப்பட்டு நினைத்துப் பார்ப்பதோடு சரி.

1863-ல் சிப்பன்ஹமிலிருந்து கானுக்குக் கிளை ரயில் வந்தது. அதைக் கொண்டுவர முனைந்தவர்களில் ஹாரிஸ் குடும்பமும் உண்டு. 1841-ல் விலகிப்போன ரயிலைத் தாங்களே தங்கள் ஊருக்கு இழுத்துவந்தார்கள் என்று சொல்லலாம். பன்றி ரயிலில் உள்ளே வந்தது, பேக்கனும் சாசேஜும் ரயிலில் வெளியே போயின. குடும்பத்தார் சிலர் ஊர் மேயர்களாகவும் இருந்தார்கள். 1888-ல் சர்ச் தெரு நிறுவனமும் ஹை தெரு நிறுவனமும் ஒன்றாக இணைந்து, சார்ல்ஸ், தாமஸ் என்ற இருவரின் முதலெழுத்துகளோடு 'சி அண்ட் டி ஹாரிஸ் (கான்) லிமிடெட்' ஆனது. பல காலம் தனித்தனியாக நடந்த பங்காளிக் கடைகளை ஒன்றாக்குவது சின்னக் காரியமில்லை. அதற்கு அவர்களைத் தள்ளியது பாசம் மட்டும் இல்லை, போட்டியும்தான் என்று நினைக்கிறேன்.

என்ன போட்டி? வருடத்தைக் கவனியுங்கள். அந்தக் கால பிரிட்டிஷ் காப்புரிமை 14 வருடத்துக்குத்தான். 1864-ல் வாங்கியது 1878-ல் முடிந்தது, அதன் பிறகு அந்த மாதிரி அறையை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அதே சமயத்தில் பனிக்கட்டியே தேவையில்லாத குளிர்ப்பதன இயந்திரங்கள் வந்துவிட்டன. 1882-ல் நியூசிலாந்திலிருந்து உறைந்த ஆட்டுக்கறி கப்பலில் லண்டன் வந்து இறங்கியது. உலகத்தின் அடுத்த முனையிலிருந்து கறி கெடாமல் வரும் என்றால், கான் ஊரின் குளிருக்குத் தனி மதிப்பு ஏது? அடுத்து டென்மார்க். 1887-ல் ஜெர்மனி உயிர்ப்பன்றி இறக்குமதியைத் தடுத்ததும், டேனிஷ் விவசாயிகள் இங்கிலாந்துச் சந்தையைக் குறிவைத்தார்கள். அதே வருடம் ஹோர்சென்ஸ் நகரில் அவர்களின் முதல் கூட்டுறவு பேக்கன் ஆலை தொடங்கியது. நம் ஆவின், அமுல் மாதிரி யோசித்துப் பாருங்கள். பன்றி வளர்ப்பவனே ஆலைக்கும் சொந்தக்காரன். ஆலைக்கு எந்த நீளத்தில், எவ்வளவு கொழுப்போடு பன்றி வேண்டுமோ அப்படியே வளர்த்தான். அதற்கென்றே லாண்ட்ரேஸ் என்ற பன்றி இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள், சோதனை நிலையம் வைத்துக் குட்டிகளின் வளர்ச்சியை அளந்தார்கள். ஒரு பாதியும் அடுத்த பாதியும் அச்சில் வார்த்தது போல இருக்கும். ஹாரிஸ் ஆலைக்கு வந்த பன்றிகளோ சந்தையில் பேரம் பேசி வாங்கியவை. ஒன்று கொழுத்தது, ஒன்று மெலிந்தது. தொட்டியில் ஊறப்போடும்போது அந்த வேறுபாடு எவ்வளவு தொல்லை என்பதைச் செய்தவர்கள் அறிவார்கள். மெலிந்ததற்கு உப்பு கூடிவிடும், கொழுத்ததற்குக் குறைந்துவிடும். என் கணிப்பில் போட்டியின் முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது, நடந்து முடிய இன்னும் தொண்ணூறு வருடம் எடுத்தது.

ஆனால் அந்தத் தொண்ணூறு வருடத்தில்தான் நிறுவனம் மிகப் பெரிதாகவும் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஊர் நடுவில் புதிய பெரிய ஆலை எழுந்தது. வேறு ஊர்களிலும் ஆலைகளை வாங்கினார்கள். 1930-களில் கானில் மட்டும் இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை. பேக்கன், ஹாம், சாசேஜ், கறி அடைத்துச் சுட்ட 'பை' (pie), பன்றிக்கொழுப்பு எல்லாம் விற்பனைக்குப் போயிற்று. அந்தச் சமயத்தில் நிறுவனத்தை நடத்தியவர் ஜான் போடின்னர் (Bodinnar) என்பவர், ஹாரிஸ் வம்சத்தவர் இல்லை. போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பங்குகளின் பிடியும் மிட்லண்ட்ஸ் பகுதியின் 'மார்ஷ் அண்ட் பாக்ஸ்டர்' என்ற இன்னொரு பேக்கன் நிறுவனத்திடம் போய்விட்டது. பெயர்ப்பலகையில் ஹாரிஸ், உள்ளே வேறு ஆட்கள். உங்களிடம் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னவர் கவனிக்காமல் விட்டது இதைத்தான். ஊரார் அவரைப் போல நினைப்பதிலும் வியப்பில்லை. அப்பாவும் தாத்தாவும் 'ஹாரிஸில் வேலை' என்றுதானே சொல்லியிருப்பார்கள்.

போர்க்காலம் அவர்களுக்கு ஒரு விதத்தில் மூச்சுவிட இடம் கொடுத்தது. டென்மார்க் ஜெர்மனியின் பிடிக்குள் போய்விட்டதால் அங்கிருந்து சரக்கு வரவில்லை. 1940 ஜனவரியில் பேக்கனுக்கு ரேஷன் வந்தது, ஆளுக்கு வாரத்துக்கு நாலு அவுன்ஸ், சுமார் 113 கிராம். போடின்னர் உணவு அமைச்சகத்தில் பொறுப்பு வகித்தார். ரேஷன் முடிய 1954 ஆயிற்று. அதே 1954-ல் இங்கிலாந்து விவசாயிகள் சங்கம் சேர்ந்து ஒரு இறைச்சி விற்பனை நிறுவனத்தைத் தொடங்கியது, சுருக்கமாக எஃப்.எம்.சி. அந்த நிறுவனம்தான் 1962-ல் ஹாரிஸை வாங்கியது. டேனிஷ்காரர்கள் 1887-ல் செய்ததை, வளர்ப்பவன் கையில் ஆலை என்பதை, இவர்கள் எழுபத்தைந்து வருடம் கழித்துச் செய்து பார்த்தார்கள். அதற்குள் சந்தை மாறிவிட்டது. மளிகைக்கடைக்காரர் முழுப் பாதியை வாங்கிக் கல்லாவில் வைத்து இயந்திரத்தில் சீவிக் கொடுக்கும் காலம் போய், காற்று நீக்கிய பிளாஸ்டிக் பாக்கெட் வந்தது, அதை வாங்கும் சூப்பர்மார்க்கெட் விலையைத் தானே நிர்ணயித்தது. கிளை ரயிலும் 1965-ல் மூடப்பட்டது. ஊர் நடுவே இருந்த மாடி மாடியான ஆலைக்கு லாரிகள் குறுகிய தெருக்களில் வர வேண்டும். நான் பார்த்த நவீன ஆலைகள் எல்லாம் ஊருக்கு வெளியே, ஒரே தளத்தில், ஒரு பக்கம் பன்றி நுழைந்து மறுபக்கம் பெட்டி வெளியேறுவது போல இருக்கும். மாடி ஆலையில் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் கூலி.

கடைசி அடி ஐரோப்பியப் பொதுச் சந்தையிலிருந்து வந்தது. 1973 ஜனவரியில் பிரிட்டனும் டென்மார்க்கும் ஒரே நாளில் அதில் சேர்ந்தன. விவசாயப் பொருள்களுக்கு மட்டும் பவுண்டுக்கு ஒரு தனி மதிப்பு வைத்திருந்தார்கள். சந்தையில் பவுண்டு விழ, அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் தொகை பிரிட்டனுக்குள் வரும் இறக்குமதிக்கு மானியம் போல வேலை செய்தது. டேனிஷ் பேக்கன் பாக்கெட்டோடு காசும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. 1970-களின் இரண்டாம் பாதியில் இதை எதிர்த்து பிரிட்டிஷ் ஆலைகள் கத்தாத நாளில்லை. பழைய கட்டடமும் சேர, 1982-ல் கான் ஆலை மூடப்பட்டு, அடுத்த சில வருடங்களில் இடிக்கப்பட்டது. ஒரு தொழிலை நம்பிய ஊர் அது. கணவன், மனைவி, மகன் மூவரும் ஒரே கேட்டில் நுழைந்த வீடுகள். எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவரும் அங்கேதான் பதினைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். மூடிய பிறகு அந்த ஊர்ப் பக்கமே போக மாட்டேன் என்றார், போகவும் இல்லை.

உங்கள் கடைக்கு இதிலிருந்து என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது உங்கள் மனதில் இருக்கும் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் ஊர்ச் சந்தைக் கணக்கு எனக்குப் பழக்கமில்லை, அதனால் விலை, லாபம் பற்றிப் பேச மாட்டேன். ஹாரிஸ் வீட்டு வம்சத்தில் யாரோ ஒருவர் சோம்பேறியாக இருந்ததால் விழுந்தது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். 1840-களில் சாலை கைவிட்டபோது அவர்கள் பனிக்கட்டியைக் கண்டுகொண்டார்கள். பனிக்கட்டி பொதுச்சொத்து ஆனபோது, பன்றி வளர்ப்பவரோடு கைகோத்திருக்கலாம், அதை டேனிஷ்காரர்கள் முந்திச் செய்துவிட்டார்கள். உங்கள் கடைக்கு ஆடு எங்கிருந்து வருகிறது, அதை வளர்ப்பவர் உங்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் பார்ப்பேன்.

அடுத்த முறை கானுக்குப் போனால் வெண்கலப் பன்றிகளோடு நின்றுவிடாதீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் 'தி கிரீன்' என்று பழைய வீடுகள் சூழ்ந்த புல்வெளி இருக்கிறது, பிரீஸ்ட்லி குடியிருந்த வீடு அங்கேதான். திரும்பும்போது பஸ் வேண்டாம். 1863-ல் போட்ட கிளை ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இப்போது அதை நடைபாதையாக்கியிருக்கிறார்கள், சைக்கிளும் போகும். பன்றியும் சாசேஜும் போன அதே தடத்தில் நேரே சிப்பன்ஹம் வந்து சேரலாம். ஐந்து மைல்தான், மெதுவாக நடந்தாலும் இரண்டு மணி நேரம்.